அடைப்புக்குறிக்குள் அகப்பட்டவர்

சொந்த வீட்டில் ஒரே ஒரு வாக்கியம் பேசுவதற்காக நாடகத்தில் சேர்ந்த மனுஷரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நம் கடிகாரக் கடைக்காரர் சேர்ந்தார்.

ரெண்டு நாளுக்கென்று வந்த மச்சினன், மழைக்காலம் போய் வெயில் வந்தும் கிளம்பவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு வாய்க்குச் சோறு போடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியை அல்லவா பிடித்துக்கொண்டான்! நாளெல்லாம் குனிந்து பல்சக்கரம் பார்க்கிற முதுகுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. ‘உன் தம்பி எப்போ கிளம்பறான்?’ என்று மனைவியிடம் கேட்க வாயெடுப்பார். ‘காபி இருக்கா?’ என்று முடிப்பார்.

அந்த நேரம் பார்த்துக் கடைத்தெரு சங்க நாடகத்தில் முரட்டுக் கணவன் வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். வசனத்தோடு வசனமாகச் சொல்லிவிட்டால்? அவள் முறைத்தால், ‘நாடகம்தானேம்மா’ என்று நழுவிவிடலாம்!

உடனே சேர்ந்தார். சாயங்காலம் நாடகப் பிரதியை மனைவி கையில் கொடுத்தார்.

“நீ பார்த்து எடுத்துக் கொடு. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது வசனம் இல்ல. அதை நீ படி. நான் பேசக் கூடாது, செய்யணும்.”

“செய்யப் பிடிக்கலேன்னா?”

“பிடிக்குதா இல்லையான்னு யாரு கேக்கறா? எழுதினபடி செஞ்சாத்தான் நடிகன்!”

“அப்படியா சேதி,” என்று அவள் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். நாற்காலியில் மச்சினன் போனில் மூழ்கியிருந்தான். குழந்தை தரையில் விளையாடிக்கொண்டிருந்தது.

“பல்லைக் கடித்தபடி உள்ளே வருகிறான்,” என்று வாசித்தாள்.

கடித்தார். வந்தார்.

“யாரைக் கேட்டு ஜன்னலைத் திறந்தாய்?” இது நாடகத்தில் உள்ளது.

“மேஜையைக் குத்துகிறான்.”

குத்தினார். வலித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“உன் தம்பி நாளைக் காலையிலேயே கிளம்பவேண்டும்! அந்த நாற்காலி எனக்கு வேண்டும்!”

மச்சினனின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. மனைவி பிரதியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பிரதியைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்காங்க,” என்று பக்கத்தைப் புரட்டினாள். “சொல்லிவிட்டு மனம் வருந்துகிறான்.”

“வ... வருந்தறானா?”

“முகத்துல காட்டுங்க.”

காட்டினார். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

“மூலையில் கிடக்கும் துணிகளை மடித்து வைக்கிறான்.”

மடித்தார்.

“குழந்தையின் மூக்கைத் துடைக்கிறான்.”

துடைத்தார். குழந்தை கத்தியது.

“துடைப்பத்தை எடுத்து வீடு முழுக்கப் பெருக்குகிறான்.”

துடைப்பம் கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. “ஏய், நில்லு! முரட்டுக் கணவன் எதுக்குப் பெருக்கறான்? இது எந்தப் பக்கத்துல இருக்கு?”

அவள் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இப்ப ஒரு நாற்காலி வசனம் பேசினீங்களே, அது இருக்கற அதே பக்கத்துலதாங்க. ரெண்டையும் சேர்த்தே தேடிக் காட்டட்டுமா?”

கடிகாரக்காரர் யாரும் வாசிக்காமலே குனிந்து பெருக்க ஆரம்பித்தார். பெருக்கிக்கொண்டே ஜன்னலோரம் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை,” என்றார், “கொஞ்சம் காலைத் தூக்கிக்கப்பா.”