செஞ்சிக்கு வந்த கடற்கரை

அறுபதுகளில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். செஞ்சி வட்டாரத்து விவசாயிகளும் ஒன்று போட்டார்கள். இந்தப் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். பேசுகிற மாதிரியே எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. சர்க்காருக்குப் போகிற காகிதத்தில் நல்ல தமிழ் இருக்கட்டும் என்று மனு எழுதியவர், 'செஞ்சியில் கடலை அபிவிருத்தி செய்ய ஆவன செய்க' என்று எழுதிவிட்டார்.

பட்டணத்தில் அதைப் படித்த மேலதிகாரி, கடல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் கடலை என்று இலக்கணம் பார்த்தார். அதில் பிழை இல்லை. செஞ்சியில் கடல் இருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இல்லாத ஒன்றை அபிவிருத்தி செய்யச் சொல்லி மக்கள் மனுப் போடுவார்களா?

இதற்கென்றே ஒருவர் கைவசம் இருந்தார். தனசேகரன் என்று பெயர். ஸ்காட்லாந்துக்குப் போய், அங்கே ஒரு கடற்கரையை நீளவாக்கில் நடந்து பார்த்து, அதை எப்படி முன்னேற்றலாம் என்று பயிற்சி பெற்றவர். திரும்பி வந்ததிலிருந்து எங்கே போடுவது என்று தெரியாமல் அவருக்கு நாற்காலி மட்டும் கொடுத்திருந்தார்கள். இப்போது நாற்காலியோடு செஞ்சிக்கு அனுப்பினார்கள்.

புரட்டாசி வெயிலில், கம்பளிக் கோட்டோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார் தனசேகரன்.

"கடல் எந்தப் பக்கம்?"

குமாஸ்தா கலியபெருமாளுக்கு அதிகாரிகளிடம் 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லை. "சிங்கவரம் பக்கமாத் தண்ணி இருக்குது சார்" என்றார்.

சிங்கவரம் ஏரிக்கரைமேல் நின்று தனசேகரன் நாற்புறமும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஸ்காட்லாந்தில் கரையை ஒட்டிக் குன்று. இங்கேயும் குன்று. அங்கே குன்றின்மேல் கோட்டை, இங்கேயும் கோட்டை. அங்கே செம்மறி மேயும், இங்கே வெள்ளாடு. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை, கலியபெருமாள்!"

"கடல்தான் கொஞ்சம் சின்னதா இருக்குது சார்."

"அதற்குத்தானே அபிவிருத்தி!"

மறுவாரமே பலகை நட்டார்கள். 'இது அறிவிக்கப்பட்ட கடற்கரை. இங்கே பயிரிடுவதும் பிடுங்குவதும் தண்டனைக்குரியது.' பலகை நின்ற இடம் அம்மாக்கண்ணுவின் மல்லாட்டைக் கொல்லை. காய் முற்றி, பிடுங்குகிற பதம். மழை முந்திக்கொண்டால் பூமிக்குள்ளேயே முளைத்துவிடும். புருஷன் போன பிறகு அந்த மேட்டு நிலத்தை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். அவள் அழவில்லை. மல்லாட்டை வாங்குவதாகப் பேசியிருந்த மேல்சித்தாமூர் வியாபாரி சாந்திராஜை இழுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, காய் வீணாப் பூடும். பிடுங்க உடுங்க."

"கடற்கரையில் எப்படியம்மா பிடுங்குவது? மணல் அரித்துவிடும்."

"அது செம்மண்ணுங்க!"

"அறிவிப்பில் மணல்."

சாந்திராஜ் அவளைக் கையமர்த்தினார். "சார் சொல்றது நியாயம். கடல்னா ஏறும், வத்தும். வத்துனா கரையும் கூடவே உள்ள போவணும் இல்லீங்களா?"

தனசேகரன் எழுந்து நின்றுவிட்டார். செஞ்சியில் விஷயம் தெரிந்து பேசிய முதல் ஆள். "இப்போது எப்படி இருக்கிறது?"

"நல்லா வத்தி இருக்குதுங்க."

"எப்போது ஏறும்?"

"மழை பெஞ்சா ஏறும்" என்றாள் அம்மாக்கண்ணு.

'கடல் வற்றியிருக்கும் காலத்தில் கரை தற்காலிகமாக இடம்பெயர்ந்துள்ளதால் தடையில்லை' என்று உத்தரவு வந்தது. பொழுது சாய்வதற்குள் கொல்லை முழுக்கப் பிடுங்கினார்கள். அதிகாரி தலை தெரிகிறபோதெல்லாம் செடிக்குள் குனிந்து சிரித்தார்கள்.

தனசேகரனோ மும்முரமாக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அலை, உப்பு, சுறா ஆகிய தொந்தரவுகள் அறவே இல்லாததால் செஞ்சிக் கடற்கரை முன்னேற்றத்துக்கு மிகவும் ஏற்றது. மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜில்லாவுக்கு ஒரு கடற்கரை போதும், அது செஞ்சியே என்று முடிவாயிற்று.

கார்த்திகையில் புயல் அடித்தது. மரக்காணத்துக்கு அந்தண்டை ஒரு குப்பத்தில் கட்டுமரம், வலை, குடிசை எல்லாவற்றையும் கடல் வாரிக்கொண்டு போயிற்று. சர்க்கார் தாமதிக்கவில்லை. கடலோர மக்களுக்கு அரிசியும் வேட்டி புடவையும் வீட்டுக்கு ஒரு வலையும் லாரியில் அனுப்பியது. லாரி நேராகச் செஞ்சிக்கு வந்து நின்றது.

"கடலோர மக்கள் வரிசையா வாங்க!" என்றார் கலியபெருமாள்.

யாரும் நகரவில்லை. அம்மாக்கண்ணுதான் கேட்டாள். "நாங்க வாணான்னா லாரி அந்தக் குப்பத்துக்குப் போவுமா?"

"போவாது. அதுக்கு உத்தரவு இல்ல."

அவள் போய் முதலில் நின்றாள். அப்புறம் ஊரே நின்றது. அவலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்தும் வந்தார்கள்.

"இன்னா தொழிலு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார் கலியபெருமாள்.

"கடலைங்க."

ஒருவரும் பொய் சொல்லவில்லை.

சில நாள் கழித்துக் குப்பத்திலிருந்து செல்லப்பன் என்ற மீனவர் நிவாரணம் கேட்டு ஆபீசுக்கு வந்தார். தனசேகரன் உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து, அன்பாகவே விளக்கினார்.

"கடல் இருந்தால் மட்டும் போதாதப்பா. அறிவிப்பு வேண்டும்."

செல்லப்பன் வெளியே வந்தார். ஏரியோரக் கொல்லைகளில் புது வலைகளைப் பார்த்ததும் கால் அங்கே போயிற்று. ஆபீஸ் கணக்கில் கடல் இன்னும் வற்றியே இருந்ததால், கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டை தடையில்லாமல் முளைத்திருந்தது. ஆடு நுழையாமல் இருக்கச் சுற்றிலும் வலை கட்டியிருந்தார்கள். ஒரு வலையைத் தொட்டு, கண்ணியை விரலால் அளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் என்று அம்மாக்கண்ணுவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூலைக் குச்சியிலிருந்து வலையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

பக்கத்துக் கொல்லை ரத்தினம்மாள் ஓடிவந்தாள். "இன்னா பண்ற நீ? இன்னைக்கு நீ குடுத்தா நாளைக்குக் குப்பமே வந்து நிக்கும். அப்புறம் நம்ம கடற்கரை இன்னாத்துக்கு ஆவறது?"

அம்மாக்கண்ணுவின் கை நின்றது. சுற்றிலும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். திரும்பக் கட்டினாள். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள், மறுபடி நழுவியது.

"இப்புடிக் குடும்மா" என்று செல்லப்பன் குந்தினார். ஒரு சுற்று, ஒரு இழுப்பு. குச்சி முறிந்தாலும் முடிச்சு அவிழாது போல் இருந்தது.

"எங்குளுதையும் ஒரு கை பாத்துடுப்பா" என்றாள் ரத்தினம்மாள்.

செல்லப்பன் ஒவ்வொரு கொல்லையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, மடி நிறைய மல்லாட்டையோடு பஸ் ஏறினார். அந்த வருஷம் செஞ்சிக் கடற்கரையில் ஒரு ஆடுகூட உள்ளே நுழையவில்லை.