குங்குமம் வைத்த மைக்ராஸ்கோப்

உலக அறிவியல் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். எங்கள் கல்லூரி உயிரியல் துறையில் ‘முதலாண்டு மாணவர்க்கான கல்வி மற்றும் தொழில்சார் திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ தொடங்குவதற்கு முன், தொடங்கிய பின். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அந்தப் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர் நானேதான்.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற வழியில், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கல்லூரி. அந்தப் பண்ணைகளைப் போலவே ஒழுங்காக நடக்கும் விடுதிப் பள்ளிகளிலிருந்துதான் எங்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டே செல் படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். மேலிடத்துச் சுற்றறிக்கையோ இவர்களுக்கு ‘உற்றுநோக்கும் திறன்’ வேண்டும் என்றது. கண்ணைத் திறக்கச் சொல்வது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் சுற்றறிக்கையை மீற முடியுமா?

பயிற்சிக்கு ஒரு பரிசும் வைத்தோம். முழு மதிப்பெண் வாங்கும் ஒருவருக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மாலைநேரப் பயிற்சி இடம். அதன்மேல் யுவஸ்ரீ என்ற மாணவிக்கு முதல் நாளிலிருந்தே கண். ஜேடர்பாளையத்துப் பெண்.

“லேப்புல உக்காந்து ஸ்லைடு பாக்கோணுமுங்க சார். அதுக்குத்தான் ஊட்ல சண்டை கட்டிக்கிட்டு இந்தப் படிப்புல சேர்ந்தேனுங்க” என்று என்னிடமே கூசாமல் சொன்னாள். பாடத்தின் மீதுள்ள ஆர்வத்தால் பாடம் படிக்க வந்தவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து முதல் வகுப்பு. எங்கள் துறைத்தலைவர் சென்னிமலை பக்திமான். பூஜையன்று கத்தரிக்கோல் முதல் எலும்புக்கூடு வரை எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். எலும்புக்கூட்டுக்கு நெற்றி இருந்ததால் பிரச்சினை இல்லை. துறையின் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு நெற்றி எது என்று பிடிபடாமல், கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்ஸிலேயே தாராளமாக அப்பிவிட்டார்.

வெங்காயத் தோல் ஸ்லைடைப் பொருத்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் வந்தவன் தீனதயாளன். கண்ணை லென்ஸுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை.

“செல் சுவர், சைட்டோபிளாசம், உட்கரு. எல்லாமே தெளிவா இருக்குதுங்க சார்.”

“உட்கரு என்ன வடிவம்?”

“புத்தகத்துல போட்டிருக்கற வடிவமுங்க சார்.”

“சபாஷ்!”

அவனுக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் உட்கரு தெரிந்தது. யுவஸ்ரீதான் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

“ஒன்னுமே தெரியலீங்க சார்.”

“நல்லாப் பாரும்மா.”

“நல்லாத்தானுங்க பாத்தேன். குங்குமந்தான் தெரியுது. தொடச்சுட்டுப் பாக்கட்டுங்களா?”

ஒரு கருவியைத் துடைக்கலாமா என்று என் பணிக்காலத்தில் எந்த மாணவரும் கேட்டதில்லை. உடனே முதல்வர் தலைமையில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பொருள்: ‘துடைத்தல்’.

“சாமி குங்குமத்தை அழிக்கறதா? அதுவும் ஆய்வுக்குழு வர்ற நேரத்துலயா?” என்று கொதித்தார் சென்னிமலை.

தாவரவியல் ஆசிரியை வசந்தாமணி நடைமுறைச் சிக்கலை எடுத்து வைத்தார். “லென்ஸ் தொடைக்கறதுக்குத் தனித் துணி இருக்குதுங்க. அதை வாங்கோணும்னா கொள்முதல் குழு கூடோணும். குழுத் தலைவர் ஏற்காட்டுல இருக்காருங்க.”

முதல்வர் நீண்ட யோசனைக்குப் பின் தீர்ப்பு வழங்கினார். “குங்குமம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமுங்க. அந்தப் புள்ளையோட பார்வைய மாத்துங்க.”

மாற்றுவதற்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து நிலவன் என்ற ஆளுமைப் பயிற்சியாளர் வரவழைக்கப்பட்டார். வேகாத வெயிலிலும் கோட் போட்டிருந்தார். “‘தெரியவில்லை’ என்பது தோற்றவர்கள் சொல்! ‘தெரிகிறது’ என்று உரக்கச் சொல்லுங்கள்!” என்றார். அரங்கம் அதிர்ந்தது. யுவஸ்ரீ மட்டும் எழுந்து, “என்னதுங்க சார் தெரியுது?” என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கைகுலுக்கும் முறைக்குப் போய்விட்டார்.

ஆய்வுக்குழு வந்தது. தலைவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை நன்றாக அழுத்திப் பார்த்தார்.

“அருமை! இவ்வளவு தெளிவான உட்கருவை என் ஆராய்ச்சிக் காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. எங்கே, ஒரு மாணவி விளக்கட்டும்” என்று அவர் நீட்டிய விரல் நேராக யுவஸ்ரீயிடம் போய் நின்றது.

நான் அவள் காதருகே குனிந்தேன். “தெரியுதுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. அஸ்தம்பட்டி இடம் உனக்குத்தான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. “எனக்கு அந்த எடம் வேணுமுங்க சார்” என்றாள். அப்பாடா என்றிருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

“குங்குமந்தானுங்க தெரியுது. உங்க கண்ணுலயும் ஒட்டியிருக்குதுங்க.”

தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘துறை மிகச் சிறப்பு. மாணவர் சிலரிடம் நேர்மறை மனப்பான்மை போதாது’ என்று அறிக்கை எழுதினார். விதிப்படி யுவஸ்ரீக்கு உற்றுநோக்கலில் பூஜ்யம் போட்டேன். இடம் தீனதயாளனுக்குப் போயிற்று. செய்தியைச் சொன்னபோது அவள் “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீ குடித்ததும் சரியாயிற்று.

போன வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். அஸ்தம்பட்டிக்கே போனேன். வெள்ளைக் கோட்டில் தீனதயாளன்! “வாங்க சார், உக்காருங்க” என்று வரவேற்றான். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு காய்வதற்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. எல்லாமே நார்மல். என்ன வேகம், என்ன பணிவு! பெருமையோடு வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. மறுநாள் அவனைப் போனில் பிடித்தேன்.

“தீனதயாளா, என் ரத்தத்தை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தியாப்பா?”

“ரத்தத்தை எதுக்குங்க சார் பாக்கோணும்? உங்க மொகத்தைப் பாத்தேனுங்க. நார்மல்னு எழுதுனா சந்தோசப்படுவீங்கன்னு தோணுச்சுங்க.”

எங்கள் பயிற்சி முழு வெற்றி பெற்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. என் ரத்தத்தை உள்ளபடி பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளுக்குப் பூஜ்யம் போட்ட இந்தக் கை, போர்வைக்குள் நடுநடுங்கிக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்படி அதுவும் நார்மல்தான்.