மேட்னி நேரத்துப் புகை

பஞ்சாயத்து நோட்டீசை மூன்றாம் முறை படித்தபோது அர்த்தநாரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை செல்வநாயகி டாக்கீசின் டிக்கெட் துவாரம் வழியாக மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக நின்ற டீக்கடைக் குப்பண்ணன் கையை நீட்டவில்லை, கழுத்தை நீட்டினார்.

"பராதி குடுத்தது ஆருங்க மேனேஜரே?"

"பராதியா? புகாரெல்லாம் இல்லீங்க, இது சும்மா ஒரு கடுதாசிங்க."

"கமலாத்தாளக்கா பேரு இங்கிருந்தே தெரியுதுங்களே!"

அதற்குப் பிறகு நோட்டீசை மடித்து என்ன, விரித்து என்ன?

டாக்கீசின் பின்புறமுள்ள டீசல் இஞ்சின் மார்கழி மாதம் முழுக்க மேட்னி நேரத்தில் புகை கக்கியதாம். பக்கத்து வீட்டுக் கமலாத்தாள் காயப்போட்ட வெள்ளைச் சேலையெல்லாம் கரிப்புள்ளியாம். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். இஞ்சின் ஓடிய நேரம் எழுதிய ரிஜிஸ்டரும் வேண்டும். குற்றம் உறுதியானால் இஞ்சினுக்கு லைசென்ஸ் போய்விடும். கரண்டு போனால் கைகொடுக்க இஞ்சின் இல்லாத கொட்டகையில் படம் ஓட்டக்கூடாது. படம் ஓடாத கொட்டகைக்கு மேனேஜர் எதற்கு?

அது எமர்ஜென்சிக் காலம் வேறு. பொள்ளாச்சி பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆபீசில் ஆட்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள். கரண்டுகூட ஒழுங்காக இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் நோட்டீஸ் வந்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்?

பஞ்சாயத்துக்குத் தெரியாத ஒரு சங்கதி நம் தெருவுக்குத் தெரியும். மேட்னி தொடங்கிப் பத்து நிமிடத்தில் அர்த்தநாரி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். கமலாத்தாள் வீட்டுக்கு மேற்கே டாக்கீஸ், கிழக்கே அவர் வீடு. மனைவி சின்னத்தாய் தலையணையைத் தட்டிப் போட்டு, கதவையும் சாத்திவிடுவாள். தேங்காய்ச் சிரட்டையைக் குழியிலிட்டுக் கரியாக்கி இஸ்திரிக்கடைக்குக் கொடுக்கிற கெட்டிக்காரி அவள். புருஷன் சட்டை கத்தி மாதிரி நிற்பதும் அந்தக் கரியின் தயவில்தான். ஒருநாள் அவர் வேட்டியிலேயே கரிப்புள்ளி விழுந்தபோது, "பாழாப்போன டாக்கீஸ் இஞ்சினுங்க" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

ஆக, தான் குறட்டை விடும் நேரத்தில் இஞ்சின் என்ன செய்கிறது என்று மேனேஜருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, தப்புத்தானுங்க" என்று கமலாத்தாள் வாசலில் போய் நின்றார். "கரி புடிச்ச துணியைக் குடுங்க. டாக்கீஸ் சார்புல வெளுத்துத் தர்றேன்."

"ஏந் தம்பி, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பஞ்சாயத்துப் படி ஏறப்போறேன்?" என்று அந்த அம்மாள் நாலு சேலையைக் கொடுத்தாள்.

அவள் கொடுத்தது நாலுதான். சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டு மூட்டை டிக்கெட் ஜன்னலில் வந்து இறங்கியது. மிதியடி, கோணிப்பை, கல்யாணத்தில் சாம்பார் கொட்டிய ஜமுக்காளம், எல்லாமே இஞ்சின் செய்த வேலையாம். ஜமுக்காளத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டுகூட ஒட்டியிருந்தது. அர்த்தநாரி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு கடைவீதி வழியாகப் போனார். பார்க்காதவர்கள் யாருமில்லை. பார்க்காதவர்களுக்கு நாங்கள் சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை அடுத்த யோசனை வந்தது. புகைக்குழாயை உயர்த்திவிட்டால் புகை மேலே போய்விடும் அல்லவா? இஞ்சின் பார்க்கும் சோலையைக் கூப்பிட்டார். சோலை அறுபதைத் தாண்டியவர். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வார்.

"குழாயை உசத்தியாச்சு. ஓட்டிப் பாரப்பா."

சோலை கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார், தும்மியது. அரைமணி கழித்து ஒரு வெடிச்சத்தத்தோடு குழாயிலிருந்து கரிக்கட்டையாக என்னமோ பறந்து வந்து அர்த்தநாரியின் காலடியில் விழுந்தது. வைக்கோலும் பஞ்சுமாக ஒரு குருவிக்கூடு.

"மேனேஜருங்க, ஒரு சங்கதி..." என்று சோலை வாயைத் திறந்தார்.

"கூட்டைப் பொறவு பாத்துக்கலாம். பொகை எந்தப் பக்கம் போகுது, அதைச் சொல்லு!"

புகை கிழக்குக் காற்றில் சாய்ந்து நேராக மேற்கே, குப்பண்ணன் கடைப் பால்சட்டிக்குள் போனது. ஐந்தே நிமிடத்தில் குப்பண்ணன் கரண்டியோடு வந்துவிட்டார்.

"இது டீயுங்களா, தாருங்களா? நாக்க நீட்டுங்க மேனேஜரே, ஊத்தறேன்!"

அன்றே பராதியில் இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

வியாழக்கிழமை ரிஜிஸ்டரை எடுத்தார். மார்கழி மாதப் பக்கங்கள் பால்போல வெள்ளையாக இருந்தன. அடியில் மட்டும் 'சரிபார்த்தேன், அர்த்தநாரி'. மாதப் பிறப்பன்றே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் அவர். சோலை எழுதச் சோம்பிவிட்டார் என்று நினைத்துப் பல்லைக் கடித்தார். கேட்கலாமென்றால் சோலை ஒரு கல்யாணத்துக்கு எலப்புள்ளி போயிருந்தார். வெற்றுத்தாளைச் சரிபார்த்த மேனேஜர் என்று ஊர் சிரிக்குமே!

உட்கார்ந்து தானே நிரப்பினார். மார்கழி ஒன்று, இரண்டரை முதல் நாலு வரை. மார்கழி இரண்டு, இரண்டரை முதல் நாலு வரை. நோட்டீசோடு பொருந்த வேண்டுமல்லவா? சந்தேகம் வராமலிருக்கப் பேனாவைக்கூட மூன்று தடவை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கமலாத்தாளின் பின்கட்டில், கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியை நனைத்துப் போடச் சொன்னார். இஞ்சினை ஓட்டச் சொன்னார். தெருவே அங்கேதான் இருந்தது. நானும் இருந்தேன், கறிவேப்பிலை கேட்கப் போனதாகச் சாக்கு.

கால்மணியில் வேட்டியில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஒரு நாள் விடாமல் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் தினமும் கரண்டு போனதா?"

"போச்சுங்க" என்றார் அர்த்தநாரி, தரையைப் பார்த்தபடி. "குற்றம் எங்க இஞ்சினோடதுதானுங்க."

அதற்குள் இஞ்சினை நிறுத்திவிட்டுத் துணியில் கை துடைத்தபடி வந்த சோலை, இத்தனை நாள் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்தார்.

"பொய்யுங்க சார்! மார்கழி பூராவும் ஒரு நாளாச்சும் கரண்டு போச்சுங்களா? இஞ்சின நான் தொட்டதே இந்தச் செவ்வாய்க்கெழமதானுங்க. குழாய்க்குள்ள குருவி கூடு கட்டியிருந்துச்சு. தெனமும் ஓடுற இஞ்சினுல எந்தக் குருவிங்க குடியிருக்கும்?"

"அப்படியானால் இதை எழுதியது யார்?"

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கையால் மறைத்தார். "நானுங்க."

"ஓடாத இஞ்சினுக்கா? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"ஊட்டுல... தூங்கிட்டிருந்தேனுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. குப்பண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அர்த்தநாரி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டைக்குள் ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை மூடினார். "பொய்க் கணக்குக்குத் தனியாக நோட்டீஸ் வரும். ஆனால் மார்கழிப் புகைக்கு இந்த இஞ்சின் பொறுப்பல்ல. லைசென்ஸ் இருக்கட்டும்."

அர்த்தநாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு வாரத்தில் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார். நெஞ்சைக்கூடக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "கேட்டீங்களாக்கா? எங்க இஞ்சின் மேல அநியாயமா பழி போட்டுட்டீங்க. இனிமே இப்படிப் புள்ளி வெக்கறவன் எவன்னு நானே புடிச்சுக் குடுக்கறேன்!"

"அது சரி தம்பி" என்றாள் கமலாத்தாள், வேட்டியைப் பார்த்தபடி. "இஞ்சின்தான் நின்னு போச்சே, இன்னும் உழுந்துட்டே இருக்குதே?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இந்தப் பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே, சின்னத்தாயின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இஞ்சின அதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்களா? தெனமும் நீங்க தூங்கறப்ப ஒரு குழி சிரட்டதானுங்க எரிப்பேன். இன்னைக்கு நெசமாவே இஞ்சின் ஓடுதேன்னு மூணு குழியும் சேத்துப் பத்த வெச்சுட்டேனுங்க!"