உங்கள் தங்கைக்கு நீந்தத் தெரியும் என்று ஏன் சொல்லவில்லை?

பலேர்மோ, இத்தாலி,
18-08-1997

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அருளையா அவர்களுக்கு,

மாதாவின் துணையால் நானும் உங்கள் தங்கை செலஸ்ரீனாவும் மகள் அமலினி வீட்டில் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'நலமாக' என்று எழுதுவேன். இம்முறை 'உயிரோடு' என்று எழுதக் காரணம் உண்டு. உங்கள்மீது முறைப்பாடும் உண்டு.

மாதாவின் திருநாளுக்கு மறுநாள், மகள் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா (இங்கே 'சிஞ்ஞோரா' என்பார்கள்) எங்களை மொந்தெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றார். மச்சான், அந்தக் கடலை எப்படி எழுதுவேன்! அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் காலமெல்லாம் நீல மையால் எழுதியவன் நான்; நீலம் என்றால் என்ன என்று அன்றுதான் கண்டேன். இரண்டு மலைகள் காவலுக்கு நிற்க, நடுவே தண்ணீர் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. என் வாய் மூடவே இல்லை. சிஞ்ஞோரா கண்டிப்பானவர். சாப்பிட்ட கையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, சிவப்புக் கொடி பறந்தால் கிட்டவும் போகக் கூடாது, காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் காற்றடைத்து மிதக்கவிடும் மெத்தையில் ஏறக் கூடாது என்று சொன்னார். முதல் இரண்டையும் பக்தியோடு கடைப்பிடித்தேன். மூன்றாவதை மகள் மொழிபெயர்த்தபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மெத்தையில் ஏறிப் படுத்தேன், வெயில் இதமாக இருந்தது, கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது கரையிலிருந்த குடைகள் பொத்தான் அளவில் தெரிந்தன. எனக்கு நீச்சல் தெரியாதென்பது உங்களுக்குத் தெரியும். மெத்தையைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடி, செபமாலை சொல்லத் தொடங்கினேன். கரையில் விசில் ஊதினார்கள், கத்தினார்கள். மெல்லக் கண்ணைத் திறந்தால், தண்ணீருக்கு மேலே ஒரு கொண்டை வருகிறது. உங்கள் தங்கை! சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கை மாற்றிக் கை வீசி, மீன் மாதிரி வருகிறாள்!

"இஞ்சாரும், உமக்கு நீந்தத் தெரியுமே?"

"நெடுந்தீவிலை பிறந்தனான். தெரியாமல் இருக்குமே?"

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. இப்ப கதையாமல் இறுக்கிப் பிடியுங்கோ."

மெத்தையின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே கரை சேர்த்தாள். உயிர்காப்பாளர் விசிலை மறந்து நின்றார். சிஞ்ஞோரா முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பித் தோள் குலுங்கினார்; பாவம், அழுதிருக்க வேண்டும்.

மச்சான், கலியாணம் பேசியபோது நன்றாகச் சமைப்பாள், கோவிலில் பாடுவாள் என்றெல்லாம் சொன்னீர்கள். இதை ஏன் மறைத்தீர்கள்? இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் நான் அறியவில்லையே! இப்போது அவளை 'நீர்' என்று கூப்பிட நா எழவில்லை. 'நீங்கள்' என்றே வருகிறது. அமலினி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மச்சாள் அகஸ்ரீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அந்தோனியார் உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாராக.

உங்கள் தங்கையால் உயிர் பிழைத்த,
செ. யாக்கோபு
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்)

பி.கு.: அண்ணா, இவர் தபாலிலை போடச் சொல்லித் தந்தவர். கடிதத்தை ஒட்ட முன்னம் நான் எழுதிறன். அந்த இடத்திலை தண்ணி இவருக்கு நெஞ்சளவுதான். நான் நடந்துதான் போய்க்கொண்டிருந்தனான். பாதி வழியிலை இவர் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார். உடனை முழங்காலை மடக்கிக்கொண்டு நீந்திற மாதிரிக் கை வீசத் தொடங்கினன். கரை வரைக்கும் அப்பிடியே வந்தன், முழங்கால் முழுக்க உரஞ்சுப்பட்டுப் போச்சு. மறுமொழியிலை இதைப் பற்றி ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ. அவ்வளவு சனம் பாத்துக்கொண்டு நிக்க, எழும்பி நில்லுங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.