முகம் பொருந்தவில்லை

ஐயப்பன்தாங்கல்,
ஆயுத பூஜை விடுமுறை.

மதிப்பிற்குரிய மாமா வேதமுத்து அவர்களுக்கு,

மருமகன் பிராங்க் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சாப்பாடு, தூக்கம், தண்ணீர் வரத்து எல்லாம் ஏதோ நடக்கிறது. சேக்காட்டில் தாங்களும் சாராள் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் "ம்", "சரி" என்று மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் கடிதம்.

போன வாரம் தங்களிடம் இருக்கும் ஸ்வீட்லின் போனுக்கு, "உங்கள் அன்புக்குரியவர் பிராங்க் இன்று பணிக்கு வரவில்லை" என்று செய்தி வந்ததும், பையன் எங்கே போய் விழுந்தானோ என்று பதறி வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் வரை வந்தீர்கள். நானோ உள்ளே மெஷினுக்கு அடியில் கிரீஸோடு படுத்திருந்தேன். கேட்டில் நின்று டீ குடித்தோம். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் மனிதவளப் பிரிவு நவீனமாகிவிட்டது மாமா. முன்பு அங்கே தாயம்மாள் மேடம் இருந்தார். யார் வீட்டில் சாவு என்றாலும் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்து, லீவு லெட்டரையும் அவரே எழுதிக்கொண்டு போவார். அவர் ரிட்டயர் ஆனதும் அந்த நாற்காலிக்குப் பதிலாக 'நேசன்' என்று போனில் ஒரு செயலி. "என் மனைவி ஸ்வீட்லின் இறந்துவிட்டாள்" என்று அதில் தட்டினேன். "குடும்ப நிலை மாற்றத்துக்கு வாழ்த்துகள், பிராங்க்!" என்று பலூன் பறக்கவிட்டது. கோபம் வரவில்லை. இந்தச் செயலியை எழுதியவன் ஒரு நிபந்தனை போட மறந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. இப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நம்பர் என்ற இடத்தில் இன்னும் அவள் நம்பர்தான் இருக்கிறது.

வருகைப் பதிவுக்கு வாசலில் முகம் பார்க்கும் மெஷின். போன வருஷம் அதற்கு ஒயர் இழுத்து மாட்டியதே நான்தான், சோதித்துப் பார்க்க முதலில் பதிந்த முகமும் என்னுடையதுதான். அந்த நேரம் பார்த்து ஸ்வீட்லின் வீடியோ காலில் வந்து, "யோவ், ஆதார் கார்டு மாதிரி நிக்காதய்யா, சிரி" என்றாள். ஒரு கண் மூடி, அத்தனை பல்லும் தெரிய ஒரு படம். மெஷினுக்குத் தெரிந்த பிராங்க் அவன் ஒருவன்தான். இப்போது நான் தாடியோடு போய் நின்றால், "முகம் பொருந்தவில்லை." கதவு திறக்காது. பின்னால் ஷிப்டே நிற்கும். செக்யூரிட்டி செங்கல்வராயன், "நைனா, உன்னால ஊரே வெயில்ல காயுது. கொஞ்சம் பல்ல காட்டிக்கினு போயேன்" என்பார். என்னைச் சிரிக்க வைப்பது இப்போது ஷிப்டின் முதல் வேலை. பேக்கிங் நாகவல்லி, "அண்ணே, நேத்து எங்க ஊட்டுக்காரரு கோலம் போட்டாரு. கொழாய்க்கு மார்க் பண்ணதுன்னு நெனச்சு ஆளுங்க வந்து தோண்டிட்டாங்க" என்றாள். மரியாதைக்காக வாயை விரித்தேன். மெஷின் மரியாதையை ஏற்கவில்லை. கடைசியில் செங்கல்வராயன் சின்னக் கதவு வழியாக விடுவார். நாள் முழுக்க வேலை, கணக்கில் ஆப்சென்ட், உங்கள் கைக்குச் செய்தி.

பிரிவின் புது அதிகாரி பானுப்பிரியா மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "புது போட்டோ எடுத்துடலாம் சார், பழசு தானா அழிஞ்சிடும். இல்லன்னா தொடர்ந்து ஆப்சென்ட்னு சிஸ்டமே உங்க பேர எடுத்துடும். என்னால நிறுத்த முடியாது."

நாளை, நாளை என்று தள்ளினேன் மாமா. அந்தப் படத்தைப் பார்த்தால் எதிரே யார் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த பிராங்க்தான் வேண்டும் என்று இன்னும் அடம்பிடிப்பது அந்த மெஷின் ஒன்றுதான். ஆனாலும் வேலை போனால் அத்தை என்னைப் பார்த்து இன்னொரு முறை அழுவார். லீவு முடிந்ததும் புதுப் படம் எடுத்து, நம்பரையும் மாற்றிவிடுகிறேன். இனி செய்தி வராது. ஸ்வீட்லின் போனை நீங்கள் அணைத்து வைத்துவிடலாம்.

அத்தைக்கு ஸ்தோத்திரம் சொல்லவும். கர்த்தர் உங்கள் இருவரின் முழங்கால் வலியையும் நினைத்தருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பிராங்க்

பி.கு.: தபாலில் போட மறந்து பையிலேயே இருந்ததால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை கேட்டில் பெரிய கூட்டம். பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த செங்கல்வராயன், இதற்கு நெற்றி எது என்று தேடி, கேமரா கண் மேலேயே தடிப்பாக வைத்துவிட்டார். லீவில் அது காய்ந்து இறுகிவிட்டது. நாகவல்லிக்கு, முகம் பொருந்தவில்லை. பானுப்பிரியா மேடத்துக்கு, முகம் பொருந்தவில்லை. முதலாளிக்கும் பொருந்தவில்லை, "உங்கள் அன்புக்குரியவர் பணிக்கு வரவில்லை" என்று அவர் வீட்டம்மாவுக்குச் செய்தி போய், அந்த அம்மா போனில் பிடித்துக்கொள்ள, பேர் எடுக்கிற விதியை முதலாளி நின்ற இடத்திலேயே ரத்து செய்தார். மேடம், "சும்மா நிக்கறதுக்கு உங்க போட்டோவ முடிச்சிடலாம் சார், நார்மலா இருங்க" என்று டேப்லெட்டை நீட்டினார். நார்மலாகத்தான் இருந்தேன். செங்கல்வராயன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இன்னா நைனா, ஒரு பொட்டு வெச்சதுக்கு மொத்த கம்பெனிக்கும் உன் மூஞ்சி வந்துட்ச்சே" என்றார். என்ன ஆச்சோ மாமா, சிரிப்பு வந்துடுச்சு. நிறுத்த முடியல, கண்ணுல தண்ணி. அந்த நேரம் பார்த்து மேடம் அமுக்கிட்டாங்க. ஒரு கண் மூடி, அத்தனை பல்லும். "இன்னொண்ணு எடுக்கலாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஆகவே நாளைக்கும் மெஷின் என்னை உள்ளே விடாது. நம்பரையும் மாற்றவில்லை. ஸ்வீட்லின் போனை அணைத்துவிடாமல் சார்ஜில் போட்டு வையுங்கள். செய்தி வந்தால் பயப்படாமல் டீ குடிக்க வாருங்கள்.