முள்ளம்பன்றி வரைந்த யானை மாளிகை

ஒரு காட்டில் வடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளுடைய அம்மா, "முதுகு நிறைய பேனாவ வச்சுக்கிட்டு எதுக்குடி சும்மா சுத்துற?" என்று திட்டி, அவளைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைவாளர் படிப்பில் சேர்த்துவிட்டாள்.

அங்கே பாடம் எடுத்தவர் கொக்கு சார். காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுவார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மறுகாலில் சாக்பீஸைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. கணினி வகுப்பு மட்டும் தொடங்கிய அன்றே நின்றுபோனது. "எல்லாரும் மவுசைப் பிடிங்க" என்று அவர் சொன்னதைக் காட்டுப்பூனை தப்பாகப் புரிந்துகொண்டதில், எலி மாணவர்கள் கூண்டோடு படிப்பை விட்டுவிட்டார்கள்.

வடிவுக்குக் கோடு போடுவது ரொம்பப் பிடித்துப்போனது. சுவருக்குத் தடித்த முள், சன்னலுக்கு மெல்லிய முள் என்று முதுகிலிருந்து உருவி உருவி வரைவாள்.

இறுதித் தேர்வில், ஊராட்சித் தலைவர் கவளமுத்து யானைக்கு மாளிகை வரையச் சொன்னார்கள். வரைந்தால் மட்டும் போதாது. கறையான்கள் அதைக் கட்டுவார்கள். கட்டியதைப் பார்த்துத்தான் மதிப்பெண். வடிவு சோறு தண்ணி மறந்து வரைந்தாள். தும்பிக்கையை நீட்டிப் படுக்க நீளமான அறை, காதை வீசி ஆட்ட அகலமான கூடம். அனுமதி அதிகாரியான காட்டுப்பன்றி தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சேற்றுக்காலை வைத்து முத்திரை போட்டு அனுப்பிவிட்டார்.

திறப்பு விழா அன்று பந்தலும் மேளமுமாகக் காடே கூடிவிட்டது. மாலையும் கழுத்துமாக வந்த கவளமுத்து இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"மாளிகை எங்கய்யா?"

"தலைவரே, காலைக் கீழ வச்சிடாதீங்க!" என்று தரையிலிருந்து கறையான்கள் அலறினார்கள்.

தூக்கிய காலுக்கு அடியில், வரைபடத் தாள் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக, அச்சு அசலாக ஒரு மாளிகை நின்றது.

வடிவுக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. அளவு விகிதம்! தாளில் ஒரு விரற்கடை என்றால் தரையில் ஒரு தென்னை உயரம் என்று மூலையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கறையான்கள் தாளில் இருந்ததை இருந்தபடியே கட்டிவிட்டார்கள்.

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். கூட்டத்தில் அம்மா பூரித்துப்போய் நிற்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நேரே போய் யானை முன்னால் நின்றாள்.

"தலைவரே, தப்பு என் மேலதான். அளவு விகிதம் எழுத மறந்துட்டேன். என்னை ஃபெயிலாக்கிடுங்க."

மேளம் நின்றது. காட்டுப்பன்றிக்கு வேர்த்துவிட்டது.

"அதெப்படி? முத்திரை போட்ட வரைபடத்துல தப்பு இருக்க முடியாதே."

"இருக்கு சார். நான்தானே வரைஞ்சேன்."

"வரைஞ்சதோட உன் வேலை முடிஞ்சுது. தப்பா சரியான்னு உனக்கென்ன தெரியும்?"

கொக்கு சாருக்குப் பயிற்சி நிலையத்தின் அங்கீகாரம் கண்முன் வந்துபோனது. கால் மாற்றி நின்றார். "சுவர் சரியா இருக்கு. கதவும் சரியாத்தான் இருக்கு..." என்று இழுத்தார்.

"அப்ப எதுதான்யா சரியில்ல?" என்றார் யானை.

எல்லோரும் மாளிகையைப் பார்த்தார்கள். அப்புறம் மெல்லத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

கவளமுத்து குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"நான்தான் கூடிப்போயிட்டேனா?"

"கொஞ்சம்தான் தலைவரே," என்றார் காட்டுப்பன்றி. "குறைச்சிடலாம்."

மறுநாளே தலைவர் கரும்பை நிறுத்தினார். காலையும் மாலையும் ஆற்றங்கரையில் மூச்சிரைக்க நடக்கிறார். வடிவு முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழ் வாங்க மேடையேறியபோதும், "சார், நிஜமாவே நான்தான் தப்பா..." என்று ஆரம்பித்தாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று கூட்டம் கைதட்டியது. இப்போது அதே நிலையத்தில் அவளுக்கு ஆசிரியர் வேலை. அளவு விகிதம்தான் அவள் எடுக்கும் பாடம்.

நீதி: செய்த தவறை நாலு பேர் முன்னால் தைரியமாக ஒப்புக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த பிறகு யாரும் அதை நம்பப்போவதில்லை.