ஏழைத் தாண்டாத ஜீப்

"லிட்டருக்கு ஏழு," என்று வாசித்தார் ஜெயகரன். ஜீப்பின் லாக் புக்கில் பக்கத்தைத் திருப்பினார். "இங்கயும் ஏழு." நாலு பக்கம் தள்ளிப் பார்த்தார். "இதுவும் ஏழு. இன்னாய்யா இது, ஆறு வருஷமா ஒரே நம்பர்? மனுஷனுக்கு நாடிகூட இப்படி ஒரே மாதிரி அடிக்காது."

சபை ஜீப்பின் டிரைவர் ஏசுபாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஃபோர் வீல் டிரைவ் சார். அப்பிடித்தான் குடிக்கும்."

கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அந்தச் சபைக்கு ஜெயகரன் செயலாளர் ஆகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முப்பது வருடம் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். வீட்டில் இட்லியைக்கூட ஸ்கேல் வைத்துப் பார்ப்பார் என்று சபையில் பேச்சு. அதை அவர் மறுத்ததும் இல்லை.

"குடிக்கும்னு வாயால சொன்னா ஆச்சா? அளக்கணும். நாளைக்குக் காலையில ஃபுல் டேங்க் போடறோம். வெள்ளி, சனி ரெண்டு நாளும் நான் கூடவே வர்றேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் மறுபடி ஃபுல் டேங்க். ஓடுன கிலோமீட்டரை ஊத்துன லிட்டரால வகுத்தா உண்மை தெரிஞ்சிடும். அப்புறம் ஒவ்வொண்ணா சரி பண்ணி நான் இதைப் பத்தாக்கிக் காட்டறேன், பாரு."

அந்த ஜீப் ஏற்கெனவே பத்துதான் கொடுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பழைய ஜீப்பில் கிலோமீட்டர் மீட்டருக்குப் போகிற கேபிளைக் கையாலேயே கழற்றிவிடலாம். கழற்றினால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. பழைய செயலாளரின் அம்மாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன். பொருளாளர் வீட்டு விசேஷத்துக்குப் பேத்தமங்களாவிலிருந்து அரிசி மூட்டை. பாடகர் குழுத் தலைவிக்குக் கல்யாணப் புடவை எடுக்க வேண்டும். "மீட்டர்ல காட்டாதேப்பா, கமிட்டியில கேள்வி கேப்பாங்க," என்று சொல்லிச் சொல்லி வண்டி கேட்ட அத்தனை பேரும் கமிட்டிக்காரர்கள். டீசல் லாக் புக்கில் ஏறியது, கிலோமீட்டர் ஏறவில்லை. பத்து ஏழானது இப்படித்தான்.

இதில் ஏசுபாதத்துக்கு ஒரு டீகூடக் கிடைத்ததில்லை. இல்லை என்று சொல்லத் தெரியாத வியாதி மனிதருக்கு. அவ்வளவுதான்.

"பத்துன்னு வந்துட்டா, மிச்ச டீசல் எங்கடான்னு கேப்பாரு," என்றார் மனைவி ஐடாவிடம். அவர்கள் இருந்தது கோயிலுக்குப் பின்னால் சபை கொடுத்த வீடு. "நான் வித்துத் தின்னுட்டேன்னுதான் நெனைப்பாரு. வேலையும் போவும், இந்த வீடும் போவும்."

"யார் யாரு வண்டி கேட்டாங்கன்னு சொல்லிடுங்க."

"யாருகிட்ட சொல்றது? கமிட்டிகிட்டயா? கேட்டவங்களே அவங்கதானே!"

"கல்யாணம் ஆயி இருவத்தாறு வருஷம். என்னை ஒரு நாள் அந்த வண்டியில ஏத்தியிருக்கீங்களா? எங்கம்மா சாவுக்குக்கூட நான் பஸ்ஸுலதான் போனேன்."

"அது சபை வண்டி, ஐடா."

ஐடா பார்த்த பார்வைக்கு ஏசுபாதம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆனாலும் சாப்பிட்டு எழுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூன்று நாளைக்கு அந்த ஜீப் ஏழுதான் கொடுக்க வேண்டும். ஊர் உலகமெல்லாம் மைலேஜை ஏற்ற வழி தேடுகிறது, ஏசுபாதம் இறக்க வழி தேடினார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்ரோல் பங்கில் பார்வதம்மா டீசல் போட்டார். குழாய் தானாக நின்றதும், "சாக்கா சார்?" என்று, போதுமா என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"போதாது. வழியற வரைக்கும் போடும்மா. ஏசுபாதம், வண்டியைப் பிடிச்சு ஆட்டு. உள்ள காத்து நின்னுச்சுன்னா கணக்கு தப்பாயிடும்."

ஏசுபாதம் ஜீப்பைப் பிடித்து ஆட்டினார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் அரை லிட்டர் பிடித்தது. ஜெயகரன் மீட்டரைக் குறித்துக்கொண்டார். நாலு டயருக்கும் காற்று பார்த்து அதையும் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"இது இன்னா ஒயரு?"

"மீட்டர் கேபிள் சார்."

"இது கழண்டா இன்னா ஆவும்?"

"வண்டி ஓடும் சார். மீட்டர் நின்னுடும்."

"ஓ," என்றார் ஜெயகரன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வழியில் மூக்குக் கண்ணாடி எடுக்க ஜெயகரன் வீட்டில் வண்டி நின்றது. அவர் மனைவி ஆனி கேட்டுக்கு வந்தார். "ஏங்க, நாளைக்குச் சாயங்காலம் கோலார்ல எங்க அக்கா பேத்திக்குப் பொறந்த நாளு. இந்த வண்டியிலயே ஒரு எட்டு..."

"ஆனி! இது சபை வண்டி. ஆண்டவரோட சொத்து. கோலாருக்கு பஸ்ஸா இல்ல?"

ஏசுபாதம் அசந்துபோனார். ஆறு வருடத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. இந்த ஆளிடம் மாட்டினால் அவ்வளவுதான் என்று பயமும் இரண்டு மடங்காயிற்று.

நந்திதுர்க் பக்கம் நாலு வீட்டில் ஜெபம், பிறகு பேத்தமங்களா. நல்ல தார் ரோடு வந்ததும் ஏசுபாதம் மெதுவாகச் சின்ன லிவரை இழுத்து முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் டீசல் கூடுதலாகச் செலவாகும் என்று கணக்கு. இஞ்சின் உறுமியது.

"அந்தக் குட்டி லிவர் முன்னாடி தள்ளி இருந்துச்சே. இப்ப ஏன் பின்னாடி வந்துடுச்சு?"

"வழுக்கும் சார்."

"வெயிலு மண்டையப் பொளக்குது, தார் ரோட்டுல எங்கய்யா வழுக்குது? டெஸ்ட்டுல எதையும் மாத்தக் கூடாது. எப்பவும் எப்பிடி ஓடுமோ அப்பிடியே ஓடணும்." ஜெயகரன் தன் பையிலிருந்து சணல் கயிறு எடுத்து, அந்த லிவரை மறுபடி முன்னால் தள்ளி, அசையாதபடி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கயிறோடு எதற்கு வந்தார் என்று ஏசுபாதம் கேட்கவில்லை.

பேத்தமங்களாவில் ஜெபக்கூட்டம் ஒரு மணி நேரம். ஏசுபாதம் இஞ்சினை அணைக்காமலே இறங்கினார். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே வெளியே ஜீப் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் ஜெயகரன் எழுந்து வந்துவிட்டார்.

"ஏன் ஓடிட்டு கீது?"

"செல்ஃப் மக்கர் பண்ணுது சார். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவாது."

ஜெயகரன் அணைத்தார். சாவியைத் திருப்பினார். தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது அந்த வண்டி. ஆறு வருடமாக மழைக்காலத்தில் நடுரோட்டில் ஏசுபாதத்தை அழவைத்த வண்டி அது.

"நல்லாத்தானே கீது," என்று சொல்லி ஜெயகரன் மறுபடி அணைத்துச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து வண்டி நின்ற இடத்திலெல்லாம் சாவி அவரிடம்தான்.

லிவர் போயிற்று, சாவி போயிற்று. மிச்சம் இருந்தது டயர். சனிக்கிழமை காலை ஜெயகரன் வருவதற்கு முன்னால் ஏசுபாதம் நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டார். காற்று குறைந்த டயரோடு வண்டி நகர்வதே கஷ்டம், நிச்சயம் டீசல் குடிக்கும் என்று தெம்பாக நின்றார்.

ஜெயகரன் வந்தார். கேஜை வைத்து அளந்தார். முகம் சிவந்துவிட்டது.

"நாலுலயும் ஒரே அளவு இறங்கியிருக்கு! இது தானா இறங்குன காத்து இல்ல, ஏசுபாதம். யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. இந்த டெஸ்ட்டைக் கெடுக்கணும்னு சபைக்குள்ளயே ஒருத்தன் இருக்கான்."

"யாரு சார் அப்பிடி..." என்று இழுத்தார் ஏசுபாதம்.

"கண்டுபிடிக்கிறேன். இன்னிக்கு வேலை முடிஞ்சதும் வண்டி என் வீட்டுல நிக்கட்டும். கேட்டைப் பூட்டிட்டா எவன் வர்றான் பாக்கறேன். எனக்கும் ஓட்டத் தெரியும்."

காற்று அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்று மதியம் வேலை முடியும்போது மொத்தம் நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீசல் முள் முக்காலுக்குப் பக்கத்தில் சொகுசாகப் படுத்திருந்தது. ஆறு வருடமாக இறங்காதே இறங்காதே என்று அந்த முள்ளைப் பார்த்து வேண்டியவர், இன்று இறங்கு இறங்கு என்று வேண்டினார். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினாலு லிட்டர்தான் பிடிக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டு பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். ஜெயகரன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"போதும்," என்றார் ஐடா. "நாளைக்கு அவர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. வீடு போனா போவுது. இப்பிடித் திருடன் மாதிரி டயர்ல காத்து புடுங்கற புருஷனைப் பாக்க எனக்குத்தான் அசிங்கமா கீது."

ஏசுபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. முடிந்ததும் ஜெயகரன் பக்கத்தில் உட்கார, பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப் போனார். முள்ளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். ஜெயகரனும் அன்று பேசவில்லை. மடியில் இருந்த நோட்டின் அட்டையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

"மீட்டர்ல நூத்தி நாப்பது," என்றார் ஜெயகரன். "வழியற வரைக்கும் போடும்மா."

பார்வதம்மா குழாயை வைத்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஏசுபாதம் ஜெயகரன் பக்கம் திரும்பினார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இருய்யா, ஓடிட்டு இருக்கு."

பதிமூன்று. "இல்ல சார், இப்பவே சொல்லிடறேன். இந்த ஆறு வருஷமா..."

பதினாலு. ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார். குழாய் நிற்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நிற்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பதினாறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணையும் திறந்தார். பதினெட்டு. அவரே போய் வண்டியை ஆட்டினார்.

"இருபது," என்றார் பார்வதம்மா. "சாக்கா?"

நூற்று நாற்பதை இருபதால் வகுக்க ஜெயகரனுக்கு நோட்டு தேவைப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "ஏழு. லாக் புக்குல இருக்கறது சரிதான். நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் ஏசுபாதம். ஆனால் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "சார், வேணும்னா இன்னொரு தடவை அளந்து பாக்கலாமா?"

"வேணாம்யா!" ஜெயகரன் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். "அளந்தது அளந்ததுதான். நான்தான் உன்னை வீணா சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"அப்ப பத்தாக்கறது, சார்?"

"ஃபோர் வீல் டிரைவ்யா. அப்பிடித்தான் குடிக்கும்."

ஏசுபாதம் வண்டியைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் காணிக்கைப் பெட்டியில் நூறு ரூபாய் போட்டார். ஐடாவிடம் மூச்சு வாங்கச் சொன்னார். "பதினாலுல நிக்க வேண்டிய டீசல், இருபது புடிச்சுச்சு! அற்புதம், ஐடா! கண்ணால பாத்தேன்!" ஐடாவும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.

அப்போதுதான் ஆனி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏசுபாதம் அண்ணே, ஒரு சின்ன உதவி. வர்ற சனிக்கிழமை எங்க அம்மாவைப் பாக்க வேலூர் போவணும். அந்த மீட்டர் கேபிளை நீங்களே வந்து கழட்டிக் குடுத்துடுங்க. நேத்து கோலார் போறப்ப அதைக் கழட்டறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் கிரீஸாக்கிட்டாரு."